தோப்பை அடமானம் வைக்கும் முன் வேலைவாய்ப்பு அறிக்கையைப் படியுங்கள்

கேள்வி: வணக்கம் ஐயா. எனக்கு 26 வயது. காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு கிராமம். பி.காம். முடித்து, ஓசூர் சிப்காட்டில் வாகன உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் பர்ச்சேஸ் பிரிவில் மூன்று வருஷமாக வேலை செய்கிறேன். பிடித்தம் போக 28,000 ரூபாய் கையில் வருகிறது. இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஓராண்டு எம்.எஸ்சி. இன்டர்நேஷனல் பிசினஸுக்கும், ஜெர்மனியில் ஒரு தனியார் பிசினஸ் ஸ்கூலில் இரண்டாண்டு மாஸ்டர்ஸுக்கும் இடம் கிடைத்திருக்கிறது. இங்கிலாந்துக்குக் கட்டணம், தங்குமிடம் எல்லாம் சேர்த்து 38 லட்சம் ஆகும் என்கிறார் பெங்களூர் ஏஜென்ட். "ப்ளேஸ்மென்ட்டுக்கு நாங்க பொறுப்பு" என்றும் சொல்கிறார். அப்பா மாந்தோப்பை அடமானம் வைக்கத் தயாராக இருக்கிறார். மாமா மட்டும், "அங்க படிச்சவங்க எல்லாம் என்ன ஆனாங்கன்னு முதல்ல விசாரி" என்கிறார். உண்மையில் என்ன ஆகிறார்கள்? இந்த மாதக் கடைசிக்குள் முன்பணம் கட்ட வேண்டும்.

பதில்: தங்கைக்கு வணக்கம். உங்கள் மாமா கேட்டதுதான் சரியான கேள்வி. கம்பெனிகளுக்கு ஆள் எடுத்துக் கொடுக்கும் வேலையில் இருப்பவன் என்பதால், வெளிநாட்டில் பிசினஸ் படித்தவர்களின் பயோடேட்டா என் மேஜைக்கு வந்துகொண்டே இருக்கும். அவற்றைப் பார்த்ததில் எனக்குப் பட்டது இது: அவர்களின் வேலையைப் பட்டத்தின் பெயர் முடிவு செய்வதில்லை. படிக்கப் போகும் முன் என்ன வேலை செய்தார்கள், படித்த நாடு வேலை தேட எத்தனை மாதம் விட்டது, அந்தக் கல்லூரி வாசலுக்கு எந்தக் கம்பெனிகள் வந்தன என்பவைதான் முடிவு செய்கின்றன. உங்கள் இரண்டு இடங்களையும் இதை வைத்தே பார்க்கலாம்.

ஏஜென்ட் அலுவலகச் சுவரில் பெரிய பெரிய சம்பளக் கணக்கு ஒட்டியிருக்குமே, அது யாருடையது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். இன்சியாட், லண்டன் பிசினஸ் ஸ்கூல், ஹெச்.இ.சி. பாரிஸ் போன்ற பள்ளிகளில் எம்.பி.ஏ. முடித்தவர்களுடையது. இவர்களில் கணிசமானவர்கள் மெக்கின்சி, பெய்ன் மாதிரியான ஆலோசனை நிறுவனங்களுக்கோ, முதலீட்டு வங்கிகளுக்கோ, பெரிய தொழில்நுட்பக் கம்பெனிகளுக்கோ போகிறார்கள். வகுப்பு தொடங்கிய சில வாரங்களிலேயே கம்பெனிகள் வளாகத்துக்கு வந்துவிடும். ஆனால் அந்த வகுப்பில் உட்காருபவர்கள் சராசரியாக ஐந்து, ஆறு வருஷம் வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள். இன்சியாட்டின் எம்.பி.ஏ. பத்தே மாதம்தான். பத்து மாதத்தில் அவர்களுக்கு யாரும் புதிதாகத் தொழில் கற்றுத் தருவதில்லை. ஏற்கெனவே கையில் இருக்கும் அனுபவத்தை வேறு நாட்டுக்கோ வேறு துறைக்கோ மாற்றிக்கொள்ள ஒரு வாசல் கிடைக்கிறது, அவ்வளவுதான்.

உங்களுக்குக் கிடைத்திருப்பது இந்த வகை அல்ல. இங்கிலாந்தில் ஓராண்டு எம்.எஸ்சி. இன்டர்நேஷனல் பிசினஸ் என்பது பெரும்பாலும் இளங்கலை முடித்த கையோடு வருபவர்களுக்காக அமைத்த படிப்பு. 21, 22 வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மார்க்கெட்டிங் அறிமுகம், நிதி அறிமுகம், பண்பாடுகளுக்கு இடையிலான மேலாண்மை என்று படிப்பீர்கள். படித்து முடித்ததும் வேலை கொடுப்பவர் உங்களையும் அந்தப் பிள்ளைகளோடு சேர்த்துப் புதியவராகத்தான் பார்ப்பார். ஓசூரில் சப்ளையர்களோடு மல்லுக்கட்டிய மூன்று வருஷமும் பயோடேட்டாவில் ஒரு வரியாகச் சுருங்கிவிடும். இந்தப் படிப்பு மோசம் என்று நான் சொல்லவில்லை. உங்கள் தங்கை இந்த வருஷம் பி.காம். முடித்திருந்தால் அவருக்குப் பொருந்தியிருக்கும். அனுபவத்தைக் கணக்கில் எடுக்கும் படிப்பு எம்.பி.ஏ. அதற்கு ஆம்பா என்ற சர்வதேச அமைப்பின் அங்கீகாரம் வேண்டுமென்றால் மாணவர்களுக்குக் குறைந்தது மூன்று வருஷ வேலை அனுபவம் இருக்க வேண்டும் என்பது விதி. நீங்கள் இப்போதுதான் அந்த வாசற்படிக்கு வந்திருக்கிறீர்கள். இந்த நேரம் பார்த்து எம்.எஸ்சி.க்குப் போவது பின்னால் ஒரு படி இறங்குவதாகும்.

அங்கீகாரம் என்றதும் ஒன்று. பிசினஸ் பள்ளிகளுக்கு ஏ.ஏ.சி.எஸ்.பி., ஈக்விஸ், ஆம்பா என்று மூன்று முத்திரைகள் உண்டு. மூன்றும் உள்ள பள்ளிகள் உலகத்தில் கொஞ்சம்தான். முத்திரை இருந்தால் வேலை நிச்சயம் என்று இல்லை. ஒன்றுகூட இல்லாவிட்டால் ஏன் இல்லை என்று விசாரிக்க வேண்டும்.

அடுத்து, வேலைவாய்ப்பு அறிக்கை. ஏஜென்ட் கொடுத்த வண்ணப் புத்தகத்தைத் தள்ளி வையுங்கள். மண்டிக்கு வரும் கூடையில் மேலாக நல்ல பழத்தை அடுக்கியிருப்பது உங்கள் அப்பாவுக்குத் தெரியாததா? கூடையைக் கவிழ்த்துப் பார்ப்பதற்கு வழி இருக்கிறது. பள்ளியின் இணையதளத்தில் எம்ப்ளாய்மென்ட் ரிப்போர்ட் என்று தனி ஆவணம் இருக்கிறதா என்று பாருங்கள். நல்ல பள்ளிகள் ஆண்டுதோறும் வெளியிடும். இல்லவே இல்லை என்றால் அதுவே பாதி பதில்.

இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். "மூன்று மாதத்துக்குள் 90 சதவீதம் பேருக்கு வேலை" என்று போட்டிருக்கும். எத்தனை பேரில் 90 சதவீதம் என்று கேளுங்கள். உதாரணத்துக்கு ஒரு வகுப்பில் 200 பேர். அதில் கம்பெனி செலவில் படிக்க வந்தவர்கள், சொந்தத் தொழிலுக்குத் திரும்பியவர்கள், மேலே படிக்கப் போனவர்கள் என்று 60 பேரைக் கழித்துவிடுவார்கள். இது முறையான கழிவுதான், தப்பில்லை. மீதி 140 பேரில் தகவலே கொடுக்காதவர்கள் 40 பேர் என்றால் அவர்களும் கணக்கில் வரமாட்டார்கள். மிஞ்சிய 100 பேரில் 90 பேருக்கு வேலை கிடைத்தால் அது 90 சதவீதம். வேலை கிடைத்தவர் சந்தோஷமாகப் படிவத்தை நிரப்பி அனுப்புவார். கிடைக்காதவர் அந்த மின்னஞ்சலைத் திறந்துகூடப் பார்க்கமாட்டார். ஆகவே பதில் சொன்னவர்கள் எத்தனை சதவீதம் என்று சிறிய எழுத்தில் எங்கே போட்டிருக்கிறார்கள் என்று தேடுங்கள். அதற்குப் பிறகு இன்னொரு கேள்வி: வேலை கிடைத்தவர்களில் அந்த நாட்டிலேயே வேலை பெற்ற வெளிநாட்டு மாணவர்கள் எத்தனை பேர்? இந்தப் பிரிவை எல்லாப் பள்ளியும் தருவதில்லை. தரச் சொல்லி எழுதிக் கேட்கலாம்.

சம்பளக் கணக்கில் இதைவிடப் பெரிய குழி இருக்கிறது. பைனான்சியல் டைம்ஸ் நாளிதழ் வெளியிடும் பிசினஸ் பள்ளித் தரவரிசையில் பட்டதாரிகளின் சம்பளம் டாலரில் இருக்கும். அது படிப்பு முடிந்து மூன்று வருஷம் கழித்து வாங்கும் சம்பளம். அதோடு, அதை வாங்கும் திறனுக்கு ஏற்ப மாற்றிய டாலரில் கணக்கிடுகிறார்கள். அதாவது இந்தியாவில் வேலை பார்ப்பவரின் ரூபாயை வங்கி விகிதத்தில் மாற்றாமல், இங்கே விலைவாசி குறைவு என்பதால் ஒரு டாலருக்கு ஏறக்குறைய 20 ரூபாய் என்கிற கணக்கில் மாற்றுவார்கள். 40 லட்ச ரூபாய் ஆண்டுச் சம்பளம் அந்தப் பட்டியலில் இரண்டு லட்சம் டாலராகத் தெரியும். வங்கி விகிதத்தில் அது 45,000 டாலர் சுமாருக்குத்தான் வரும். நாடுகளை ஒப்பிட இது நியாயமான முறைதான், ஏமாற்று வேலை இல்லை. ஆனால் அந்த டாலரை மறுபடி வங்கி விகிதத்தில் பெருக்கி, "வருஷத்துக்கு ஒன்றே முக்கால் கோடி" என்று சொல்கிறார்களே, அதுதான் ஏமாற்று.

இத்தனை அறிக்கையையும்விட நான் நம்புவது லிங்க்டு-இன்னில் அந்தப் பல்கலைக்கழகத்தின் பக்கத்தில் இருக்கும் பழைய மாணவர் பகுதியை. யார் எந்த ஊரில், எந்தக் கம்பெனியில், என்ன வேலையில் இருக்கிறார்கள் என்று அங்கே பிரித்துப் பார்க்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்காக ஒதுக்குங்கள். மூன்று, நான்கு வருஷத்துக்கு முன் அதே படிப்பை முடித்தவர்களில் உங்களை மாதிரிப் பின்னணி உள்ள பத்துப் பேரை எடுங்கள்: தமிழ்நாடு, ஆந்திரா, கர்நாடகா, பி.காம். அல்லது பி.இ., இரண்டு மூன்று வருஷ அனுபவம். அவர்கள் இன்று இருக்கும் பதவியைப் பார்க்காதீர்கள். படிப்பு முடிந்த அடுத்த வேலை என்ன, இடையில் எத்தனை மாதம் காலியாக இருக்கிறது என்று பாருங்கள். இரண்டு பேருக்காவது செய்தி அனுப்புங்கள். "அண்ணா, நான் கிருஷ்ணகிரி, இந்தப் படிப்பில் சேரலாமா என்று யோசிக்கிறேன்" என்று எழுதினால் நம்ம ஊர்க்காரர்கள் பெரும்பாலும் பதில் போட்டுவிடுவார்கள். மாமாவின் கேள்விக்கு என்னிடம் இருப்பதைவிட நேரான பதில் அங்கே கிடைக்கும்.

இங்கிலாந்து விசாவைப் பற்றி ஏஜென்ட் எவ்வளவு சொன்னார் என்று உங்கள் கடிதத்தில் இல்லை. படித்து முடித்தவர்கள் அங்கே தங்கி வேலை தேட கிராஜுவேட் விசா என்று ஒன்று உண்டு. இதுவரை இரண்டு வருஷம் கொடுத்தார்கள். 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு அது 18 மாதம்தான். நீங்கள் இந்தச் செப்டம்பரில் போய் அடுத்த ஆண்டு முடித்தால் இந்தப் புதிய விதிக்குள்தான் வருவீர்கள். அதற்குள் ஸ்பான்சர் உரிமம், அதாவது வெளிநாட்டவரை வேலைக்கு எடுக்க அரசு அனுமதி, உள்ள ஒரு கம்பெனி உங்களை எடுத்து ஸ்கில்டு ஒர்க்கர் விசாவுக்கு மாற்ற வேண்டும். 2025 ஜூலையில் அதற்கான பொதுவான சம்பள வரம்பை ஆண்டுக்கு 41,700 பவுண்டாக உயர்த்திவிட்டார்கள். படிப்பு முடித்து மாறுபவர்களுக்குச் சலுகை வரம்பு 33,400 பவுண்டு. வேலையும் பட்டப்படிப்பு நிலையில் வகைப்படுத்தப்பட்டதாக இருக்க வேண்டும். அலுவலகத் தொடக்கநிலைப் பணிகள் பலவும் அந்த வகைக்குள் வருவதில்லை. ஸ்பான்சர் உரிமம் உள்ள கம்பெனிகளின் பட்டியலை அந்நாட்டு அரசின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் இறக்கிப் பார்க்கலாம். உங்கள் பல்கலைக்கழகம் இருக்கும் ஊரில் பர்ச்சேஸ் அல்லது சப்ளை செயின் ஆள் தேவைப்படும் கம்பெனிகள் எத்தனை அதில் இருக்கின்றன என்று பாருங்கள். லண்டனிலும் மிட்லண்ட்ஸின் வாகனத் தொழில் பகுதியிலும் கொஞ்சம் தேறும். கடலோரச் சுற்றுலா ஊர் என்றால் அங்கே யார் உங்களை எடுப்பார்கள்?

பாலக்கோடு பக்கத்துத் தம்பி ஒருவர் இதே மாதிரி ஓராண்டு எம்.எஸ்சி. முடித்தார். விசாக் காலம் முழுக்கக் கிடங்கில் ஷிப்ட் வேலை. பொட்டலம் பிரித்து அடுக்குகிற வேலை. ஊரில் சொல்லும்போது "லாஜிஸ்டிக்ஸ்" என்றார்கள். திரும்பி வந்து பெங்களூரில் அவருக்குக் கிடைத்த சம்பளம், போவதற்கு முன் வாங்கியதைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். உழைப்பாளிதான், கெட்டிக்காரர்தான். போகும்போது எந்த வேலைக்காகப் போகிறோம் என்பது அவருக்குத் தெரியவில்லை, அந்த ஊரில் அப்படிப்பட்ட வேலையும் இல்லை. தர்மபுரியைச் சேர்ந்த இன்னொரு பெண். ஓசூரில் வார்ப்பட சப்ளையர்களைக் கவனிக்கும் வேலையில் ஐந்தாறு வருஷம் இருந்துவிட்டு ஐரோப்பாவில் எம்.பி.ஏ. படித்தார். இப்போது ஜெர்மனியில் ஒரு கம்பெனியில் சப்ளையர் மேம்பாட்டுப் பிரிவில் இருக்கிறார். நேர்முகத் தேர்வில் அவர் அதிகம் பேசியது வகுப்பில் படித்ததை அல்ல. வார்ப்பில் காற்றுக்குமிழி விழுந்தால் ஓசூரில் எப்படிச் சமாளித்தோம், மாசக் கடைசியில் சப்ளையர் லாரி வராவிட்டால் லைனை எப்படி நிறுத்தாமல் ஓட்டினோம் என்பதைத்தான். போவதற்கு முன்பே ஜெர்மன் மொழியில் பி1 என்கிற இடைநிலைத் தேர்ச்சியை முடித்திருந்தார்.

ஜெர்மனி இடத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். படித்து முடித்தபின் வேலை தேட அங்கே 18 மாதம் கிடைக்கிறது, அது நல்ல விஷயம். ஆனால் அங்கே அரசுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் படிப்புக் கட்டணமே கிடையாது. கட்டணம் வாங்கும் தனியார் பள்ளிகளில் தரமானவை சில உண்டு, வெளிநாட்டு மாணவர்களை நம்பியே நடப்பவையும் நிறைய உண்டு. கல்வி நிறுவனங்களின் அங்கீகாரத்தைக் காட்டும் அந்நாட்டின் அனாபின் தரவுத்தளத்தில், அங்கீகாரம் உண்டு என்பதற்கான எச்-பிளஸ் குறி உங்கள் பள்ளிக்கு இருக்கிறதா என்று பார்த்தால் பாதி தெரிந்துவிடும். வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கும், சரி. பர்ச்சேஸ் வேலையோ சப்ளையரிடம் பேசுகிற வேலை. அந்த சப்ளையர் ஜெர்மனில்தான் பேசுவார். மொழி தெரியாமல் போனால் அந்த 18 மாதம் கையை விட்டு நழுவுவது தெரியாது.

உங்களை மாதிரி வாங்கும் பிரிவிலிருந்து போகிறவர்களுக்கு எந்தப் பாதைகள் திறக்கின்றன? எனக்குச் சுவாரசியமான பகுதி இதுதான். ஒன்று, பெரிய உற்பத்திக் கம்பெனிகளில் ஒரு பொருள்வகைக்குப் பொறுப்பான வாங்குநர். எஃகு, பிளாஸ்டிக், மின்னணுப் பாகம் என்று ஒவ்வொன்றுக்கும் உலகம் முழுக்க யாரிடம், என்ன விலைக்கு, எந்த ஒப்பந்தத்தில் வாங்குவது என்று பார்ப்பவர். கேட்டகரி மேனேஜர் என்பார்கள். இதற்கு நீங்கள் பாதித் தூரம் வந்துவிட்டீர்கள். இன்னொன்று, பண்டக வணிகம். சிங்கப்பூர், துபாய், ஜெனிவா ஆகிய ஊர்களில் இருக்கும் ஓலம், கார்கில், லூயி ட்ரைஃபஸ் போன்ற கம்பெனிகள் அரிசி, பருப்பு, காபி, பருத்தி என்று உலகம் முழுக்க வாங்கி விற்கின்றன. பட்டம் முடித்தவர்கள் அங்கே முதல் நாளே வணிகர் நாற்காலியில் உட்காருவதில்லை. ஒப்பந்தம், கப்பல் ஏற்றுமதி ஆவணம், கடன் உறுதிக் கடிதம், தரப் பரிசோதனைச் சான்று எல்லாவற்றையும் பிசகாமல் நகர்த்தும் எக்ஸிக்யூஷன் மேஜையில்தான் தொடங்குவார்கள். சிலர் அங்கேயே நிபுணராகிவிடுவார்கள், சிலர் வாங்கி விற்கும் பக்கம் நகர்வார்கள்.

இந்தத் தொழில் உங்கள் ஊரிலிருந்து ரொம்பத் தூரத்தில் இல்லை. நாட்டின் மாங்கூழ் உற்பத்தி முக்கியமாகக் குவிந்திருப்பது கிருஷ்ணகிரியிலும் சித்தூரிலும்தான். பெங்களூரா ரக மாங்காய் ஃபேக்டரிக்குப் போய், கூழாகி, கிருமி நீக்கிய பைகளில் அடைபட்டு, 200 கிலோவுக்கு மேல் கொள்ளும் இரும்பு டிரம்களில் ஏறி சென்னைத் துறைமுகம் வழியாக சவுதிக்கும் ஏமனுக்கும் நெதர்லாந்துக்கும் போகிறது. 2025 சீசனில் காய் விலை தரைக்கு வந்தபோது உங்கள் வீட்டில் நடந்த பேச்சு உங்களுக்கு நினைவிருக்கும். முந்தின வருஷத்துக் கூழ் விற்காமல் ஃபேக்டரிகளில் தேங்கியது அதற்கு ஒரு காரணம். சித்தூர் மாவட்ட நிர்வாகம் வெளிமாநிலக் காயை உள்ளே விடாமல் நிறுத்தியது இன்னொன்று. காயின் இனிப்பு அளவு பிரிக்ஸ் 14-ஆ 16-ஆ என்பது ஒப்பந்தத்தில் எப்படி எழுதப்படுகிறது, பூச்சிமருந்து எச்சத்துக்கு ஐரோப்பா வைக்கும் வரம்பைத் தாண்டினால் கண்டெய்னர் என்ன ஆகும், விலையைக் கப்பல் ஏற்றும் வரைக்குப் பேசுவதா, இறக்கும் துறைமுகம் வரைக்குப் பேசுவதா என்பதெல்லாம் இந்தத் தொழிலின் அன்றாடம். தோப்புப் பக்கமும் தெரிந்து, வாங்குநர் பக்கமும் பேசத் தெரிந்த ஆள் கிடைப்பது அபூர்வம். உங்கள் கடிதத்தில் மாந்தோப்பை அடமானப் பொருளாக மட்டும் எழுதியிருக்கிறீர்கள். ஒரு பிசினஸ் பள்ளியின் நேர்முகத் தேர்வில் அதுவே உங்களைத் தனியாக நிறுத்தும் கதை.

துபாயில் உணவுப்பொருள் வணிகத்துக்குப் போக 38 லட்ச ரூபாய் படிப்பு தேவையே இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அமீரகத்தோடு இந்தியா செய்த வணிக ஒப்பந்தம் 2022 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. இந்தியாவிலிருந்து கொள்முதல் செய்யத் தெரிந்தவர்களுக்கு அங்கே தேவை இருக்கிறது. இங்கே ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் இரண்டு மூன்று சீசன் வேலை பார்த்த அனுபவமே அதற்குப் போதும்.

பெங்களூரை மறந்துவிடாதீர்கள். வெளிநாட்டுக் கம்பெனிகள் தங்கள் உலகளாவிய வேலையை இந்தியாவிலிருந்து செய்ய வைத்திருக்கும் ஜி.சி.சி. மையங்கள் 1,700-க்கு மேல் இருக்கின்றன. அதில் பெரும்பங்கு பெங்களூரில். ஜெர்மன் கம்பெனிக்கு பிரேசிலிலிருந்து என்ன வாங்குவது என்பதை எலக்ட்ரானிக் சிட்டியில் உட்கார்ந்து ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பார். வெளிநாட்டில் படித்துவிட்டுத் திரும்புபவர்களில் பலர் கடைசியில் வந்து சேருவதும் இங்கேதான். அங்கே போய்விட்டு வருவதற்கும், ஓசூரிலிருந்து நேராகப் போவதற்கும் சம்பளத்தில் எவ்வளவு வித்தியாசம் என்று கேட்டுப் பாருங்கள். சில வேலைகளில் வித்தியாசமே இருக்காது.

இனிப் பணம். தோப்பை அடமானம் வைப்பதாக எழுதியிருக்கிறீர்கள். விவசாய நிலத்தை வங்கிகள் கல்விக்கடனுக்கு ஈடாகப் பெரும்பாலும் ஏற்பதில்லை. காரணம், கடன் திரும்பாவிட்டால் நீதிமன்றம் போகாமல் சொத்தை எடுத்து விற்க வங்கிக்கு அதிகாரம் தரும் சர்ஃபேசி சட்டம் விவசாய நிலத்துக்குப் பொருந்தாது. வீடோ, அங்கீகாரம் பெற்ற மனையோ கேட்பார்கள். வங்கி கைவிரித்ததும் ஏஜென்ட், "எங்களுக்குத் தெரிந்த பைனான்ஸ் இருக்கிறது" என்பார். ஊருக்குள் தோப்பை வைத்து வட்டிக்கு வாங்கித் தருகிறோம் என்று உறவுக்காரர்களே முன்வருவார்கள். அந்த இடத்தில் அப்பாவை நிறுத்துங்கள். மாத வட்டியில் வாங்கிய பணத்தில் படிக்கிறவர் வேலை தேடும்போது பொறுக்க முடியாது. கிடைத்த வேலையைப் பிடித்துக்கொள்வார், கிடங்கு ஷிப்ட்டோடு விஷயம் முடிந்துவிடும்.

வங்கியே கொடுத்தாலும் கணக்கைப் பாருங்கள். 38 லட்சம், 11 சதவீத வட்டி, பத்து வருஷம் என்றால் மாதத் தவணை 52,000 ரூபாய்க்கு மேல். படிக்கும் காலத்து வட்டியைக் கட்டாமல் அசலில் சேர்க்க விட்டால் அறுபதாயிரத்தை நெருங்கும். பவுண்டில் சம்பளம் வாங்கினால் கட்டிவிடலாம். 18 மாதத்தில் ஸ்பான்சர் கிடைக்காமல் திரும்பி வந்து, பெங்களூரில் கையில் 55,000 வாங்கினால்? விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பது இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான் தெரியும். வட்டிக்கு வருமான வரியில் கழிவு உண்டு, ஆனால் பழைய வரி முறையில் இருந்தால்தான். அதை நம்பி முடிவு செய்ய வேண்டாம்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் இந்த வருஷம் இரண்டு இடத்துக்கும் பணம் கட்டமாட்டேன். ஓசூரிலேயே இன்னும் இரண்டு வருஷம் இருப்பேன், ஆனால் இப்போது இருக்கும் நாற்காலியில் அல்ல. இறக்குமதிப் பாகங்களைப் பார்க்கும் மேஜைக்கு மாற்றம் கேட்பேன். உள்ளூர் சப்ளையரோடு மட்டும் பேசிக்கொண்டிருந்தால் 'இன்டர்நேஷனல்' என்று எந்த நேர்முகத் தேர்விலும் சொல்ல முடியாது. உங்கள் கம்பெனியில் அப்படி ஒரு மேஜை இல்லை என்றால் வேறு கம்பெனி பாருங்கள். டி.வி.எஸ்., லேலண்ட், டாடா எலக்ட்ரானிக்ஸ், டெல்டா என்று நம்ம மாவட்டத்தில் இறக்குமதியும் ஏற்றுமதியும் செய்யும் தொழிற்சாலைகளுக்குக் குறைவில்லை. கூடவே பிரிட்டனின் சிப்ஸ் அமைப்பு நடத்தும் கொள்முதல் துறைச் சான்றிதழைத் தொடங்கலாம். வேலை பார்த்துக்கொண்டே எழுதலாம், வாங்கும் துறையில் உலகமெங்கும் தெரிந்த சான்று அது. ஜெர்மனி மேல் உண்மையிலேயே ஆசை இருந்தால் பெங்களூர் இந்திரா நகரில் கோதே நிறுவனத்தின் மாக்ஸ் முல்லர் பவனில் மொழி வகுப்பில் சேருங்கள்.

அதோடு இந்த நவம்பரில், இங்கே எம்.பி.ஏ. சேர்க்கைக்கு நடக்கும் கேட் தேர்வு எழுதிப் பாருங்கள். ஐ.ஐ.எஃப்.டி. என்று டெல்லியில் 1963-ல் தொடங்கிய மத்திய அரசு நிறுவனம் இருக்கிறது. கொல்கத்தாவிலும் காக்கிநாடாவிலும் அதற்கு வளாகம் உண்டு. அங்கே இரண்டாண்டு எம்.பி.ஏ. இன்டர்நேஷனல் பிசினஸ் படிப்புக்கு இப்போது கேட் மதிப்பெண்ணில்தான் சேர்க்கிறார்கள். நான் மேலே சொன்ன பண்டக வணிகக் கம்பெனிகள் வாசலுக்கு வரும் பள்ளி அது. உங்கள் மூன்று வருஷத்தை அங்கே அனுபவமாகவே மதிப்பார்கள். போட்டி கடுமை, முதல் முறை கிடைக்காமல் போகலாம். கிடைக்காவிட்டால் வெளிநாட்டுப் பிசினஸ் பள்ளிகள் கேட்கும் ஜிமேட் தேர்வு எழுதி, ஐந்து வருஷ அனுபவத்தோடு வெளிநாட்டு எம்.பி.ஏ.க்கு உதவித்தொகை கேட்டு விண்ணப்பிக்க வாசல் திறந்தேதான் இருக்கும். அப்போது உங்களுக்கு 28, 29 வயது. அந்த வகுப்பில் சராசரி வயதே அதுதான். வீட்டில் கல்யாணப் பேச்சு எழும் என்பது தெரியும். "போகவே மாட்டேன் என்று சொல்லவில்லை, இரண்டு வருஷம் கழித்து நல்ல இடமாகப் போகிறேன்" என்று மாமாவை விட்டே பேசச் சொல்லுங்கள். அவர்தான் வீட்டில் சரியான கேள்வி கேட்பவராகத் தெரிகிறார்.

ஒரு விதிவிலக்கு உண்டு. அந்த இங்கிலாந்துப் பல்கலைக்கழகம் கட்டணத்தில் பாதிக்கு மேல் உதவித்தொகை தந்து, வேலையிடப் பயிற்சியோடு சேர்ந்த படிப்பாகவும் இருந்தால், இவ்வளவு பிடிவாதமாகச் சொல்லமாட்டேன். கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை.

முன்பணத்துக்கு வருவோம். இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்கள் மாணவரைச் சேர்த்துவிட்டதற்காக ஏஜென்ட்டுக்குக் கமிஷன் கொடுக்கின்றன. அதில் ரகசியமோ குற்றமோ இல்லை. ஆனால் மாதக் கடைசி அவசரம் யாருடையது என்பது அதிலிருந்து புரியும். "ப்ளேஸ்மென்ட்டுக்கு நாங்க பொறுப்பு" என்றாரே, அதை லெட்டர்ஹெட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள், தரமாட்டார். பல்கலைக்கழகத்தின் சேர்க்கைப் பிரிவுக்கு, ஏஜென்ட்டை நடுவில் வைக்காமல், நீங்களே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். கிடைத்த இடத்தை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்க முடியுமா, முன்பணம் கட்டிவிட்டு விசா மறுக்கப்பட்டால் எவ்வளவு திரும்பும், நானே வேண்டாம் என்றால் எவ்வளவு பிடிப்பார்கள், கடந்த ஆண்டு இந்தப் படிப்பை முடித்த இந்திய மாணவர்களில் எத்தனை பேருக்கு ஸ்பான்சர் விசா கிடைத்தது என்று நான்கையும் கேளுங்கள். தள்ளிவைக்கப் பல பல்கலைக்கழகங்கள் சம்மதிக்கும். நான்காவது கேள்விக்கு என்ன பதில் வருகிறது என்பதை எனக்கும் எழுதுங்கள்.